கொடுத்த நிரலைத் திரும்பக் கேட்கலாமா?

புனேயில் மூன்று நாளாக விடாத மழை. ஹிஞ்சவடியில் இருந்து வீடு வந்து சேர ரெண்டரை மணி நேரம். தங்கமணியும் பையனும் ஊருக்குப் போயிருந்தார்கள். சாப்பாடு ஆறிப்போன பார்சல் இட்லி. ஆக, ஒருத்தன் கோபப்படுவதற்கு வேண்டிய எல்லா வசதியும் அமைந்திருந்த ராத்திரி அது. அன்றைக்கு நான் எழுதிய ஒரு மடலைப் பற்றித்தான் இந்தப் பதிவு. மடல் சின்னது. அதை அனுப்பலாமா வேண்டாமா என்று தேடப்போய்ப் படித்த சரித்திரம்தான் பெரிசு. பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். 2004 வாக்கில் தமிழ்க் கோப்புகள் ஆளுக்கொரு எழுத்துருவில் கிடந்தது ஞாபகம் இருக்கிறதா? திஸ்கியில் கொஞ்சம், டேபில் கொஞ்சம், மீதி எந்தத் தகுதரத்திலும் அடங்காத எழுத்துருக்களில். எல்லோரும் யூனிகோடுக்கு மாறிக்கொண்டிருந்த நேரம். ஆபீஸில் ஆணி குறைவாக இருந்த ஒரு மாதத்தில், பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் ஒரு சின்ன நிரல் எழுதினேன். அறுநூறு வரி இருக்கும். வெளிநாட்டில் இருந்து நடத்தப்பட்ட ஒரு கட்டற்ற மென்பொருள் திட்டத்துக்கு அதைக் கொடுத்தேன். உரிமம் ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு. சேர்த்துக்கொண்டார்கள். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் முதல் சம்பளத்தில் கூட இல்லை.

வருஷங்கள் ஓடின. திட்டத்தை நடத்துகிறவர்கள் மாறினார்கள். போன மழைக்காலத்தில், அந்த நிரலில் இருந்த ஒரு வழுவைச் சரிசெய்து அனுப்பினேன். புதிதாகப் பொறுப்புக்கு வந்தவரிடம் இருந்து ரெண்டு வரி பதில் வந்தது. இந்த மொழிக்கெல்லாம் நேரம் ஒதுக்க முடியாது. உங்கள் நிரலின் தரமும் சரியில்லை. அவ்வளவுதான். "சரி"கூட இல்லை, "நன்றி"கூட இல்லை.

எனக்கு வந்ததே ஆத்திரம். உட்கார்ந்து எழுதினேன்: "என் நிரலுக்கு நான் கொடுத்த அனுமதியை இன்று முதல் ரத்து செய்கிறேன். பதினைந்து நாளில் நீக்கவும்."

அனுப்பவில்லை. அதற்கு என் நல்ல புத்தி காரணம் இல்லை, மின்சாரம் போய்விட்டது. மறுநாள் எங்கள் கம்பெனியில் ஒப்பந்தங்களைப் பார்க்கும் நாக்பூர்க்கார வக்கீல் நண்பரிடம் கேன்டீனில் காட்டினேன். படித்துவிட்டு இந்தியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இந்த அனுமதியை நீ கொடுத்தது இந்த ஆளுக்கா?"

"இல்லை, எல்லோருக்கும்."

"அப்ப எல்லோர்கிட்ட இருந்தும் திரும்ப வாங்கணும். முடியுமா பாரு."

பார்த்தேன். பார்த்ததைச் சொல்கிறேன்.

வெறும் அனுமதியும் ஒப்பந்தமும்

ஆங்கிலேயச் சட்ட மரபில் ஒரு பழைய பாகுபாடு உண்டு. நீங்கள் என் வீட்டுக்கு வருகிறீர்கள். "உட்காருங்க" என்கிறேன். அது வெறும் அனுமதி. அரை மணி கழித்து "கிளம்புங்க" என்றால் கிளம்ப வேண்டியதுதான். அதே வீட்டை நான் வாடகைக்கு விட்டிருந்தால் கதை வேறு. அங்கே கைமாறு இருக்கிறது. சட்டத் தமிழில் மறுபயன் என்பார்கள். கைமாறு இருந்தால் ஒப்பந்தம், இல்லாவிட்டால் வெறும் அனுமதி. நம் ஊர் 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்திலும், சில விதிவிலக்குகள் போக, கைமாறு இல்லாத ஒப்பந்தம் செல்லாது.

இதைக் கட்டற்ற மென்பொருளுக்குப் பொருத்திப் பாருங்கள். யாரும் எனக்குக் காசு கொடுக்கவில்லை. நானாகக் கொடுத்தேன். அப்படியானால் இது வெறும் அனுமதிதானே? எப்போது வேண்டுமானாலும் "கிளம்புங்க" என்று சொல்லலாமே? என் மடலுக்குப் பின்னால் இருந்த தைரியம் இதுதான். நான் மட்டுமல்ல, நாற்பது வருஷமாகப் பலர் இதே கதவைத் தட்டியிருக்கிறார்கள்.

1985: வாய்ச்சொல் அனுமதி

இமாக்ஸ் என்ற உரைத்தொகுப்பி உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். யுனிக்ஸில் ஓடும் ஒரு இமாக்ஸை 1981-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் எழுதியவர் ஜேம்ஸ் காஸ்லிங். பின்னாளில் ஜாவா மொழியை உருவாக்கிய அதே காஸ்லிங்தான். கேட்டவர்களுக்கெல்லாம் முதலில் சும்மா கொடுத்துக்கொண்டிருந்தார். 1983-இல் யுனிபிரஸ் என்ற கம்பெனிக்கு விற்றுவிட்டார்.

ரிச்சர்ட் ஸ்டால்மன் 1985-இல் க்னூ இமாக்ஸை வெளியிட்டபோது, திரையில் எழுத்தைக் காட்டும் பகுதி போன்ற சிலவற்றுக்குக் காஸ்லிங்கின் நிரலைப் பயன்படுத்தியிருந்தார். அந்த நிரலில் வேலை செய்திருந்த ஒரு நண்பருக்கு, அதை வினியோகிக்கலாம் என்று காஸ்லிங் மின்மடலில் அனுமதி கொடுத்திருந்தார் என்பது ஸ்டால்மன் தரப்பு. உங்களுக்கு உரிமை இல்லை என்றது யுனிபிரஸ். அனுமதி கொடுத்தவர் ஒருவர், இப்போது சொந்தக்காரர் வேறொருவர். கையில் இருப்பதோ நண்பருக்கு வந்த ஒரு மடல்.

ஸ்டால்மன் சண்டைக்கு நிற்கவில்லை. உட்கார்ந்து அந்தப் பகுதிகளை எல்லாம் தானே புதிதாக எழுதினார். 1985 ஜூலையில் வந்த 16.56 பதிப்பில் காஸ்லிங்கின் நிரல் இல்லை.

அனுமதியை வாய்ச்சொல்லாகவோ, யாரோ ஒருவரின் பெட்டியில் இருக்கும் மடலாகவோ வைத்தால் இந்தக் கதிதான். நிரலோடு சேர்ந்தே அனுமதியும் பயணம் போக வேண்டும். அப்படித்தான் ஸ்டால்மன் முதலில் ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனித்தனி உரிமம் எழுதினார். 1989 பிப்ரவரியில் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஜிபிஎல் முதல் பதிப்பு வந்தது. 1991 ஜூனில் இரண்டாவது பதிப்பு.

இந்த இரண்டாவது பதிப்பில் தேடிப் பாருங்கள், "திரும்பப் பெற முடியாதது" என்ற சொல் இருக்காது. ஆனால் ரெண்டு விஷயம் இருக்கிறது. நாலாவது பிரிவு: விதியை மீறினால் உன் உரிமை போகும், ஆனால் உன்னிடம் இருந்து வாங்கியவர்கள் ஒழுங்காக நடந்துகொண்டால் அவர்கள் உரிமை போகாது. ஆறாவது பிரிவு: நிரல் கைமாறும் ஒவ்வொரு முறையும், வாங்குகிறவருக்கு முதலில் எழுதியவரிடம் இருந்தே நேராக உரிமம் கிடைக்கிறது. அதாவது இன்றைக்கு யாரோ ஒரு மாணவன் என் நிரலை இறக்கினால், நான் தூங்கிக்கொண்டிருக்கும்போதே அவனுக்கு நான் புதிதாக அனுமதி கொடுக்கிறேன். இது எனக்கு அதுவரை உறைக்கவே இல்லை.

1999: பழைய பதிப்பு போதும்

தாத்து இலோனன் என்ற ஃபின்லாந்துக்காரர். ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இருந்தவர். அங்கே வலையமைப்பில் யாரோ கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்ட பிறகு, 1995-இல் எஸ்எஸ்ஹெச் எழுதினார். வழங்கிகளில் பொட்டி தட்டுகிற நாம் எல்லோரும் தினமும் இதில்தான் நுழைகிறோம். அதே வருஷம் ஒரு கம்பெனியும் ஆரம்பித்தார். அடுத்தடுத்த பதிப்புகளில் உரிமம் இறுகிக்கொண்டே வந்தது.

1999-இல் பியோர்ன் க்ரோன்வால் என்ற ஸ்வீடன் நிரலாளர் பின்னோக்கிப் போய், இறுகுவதற்கு முந்தைய 1.2.12 பதிப்பைத் தேடி எடுத்தார். அதில் இருந்து ஒரு கிளை விட்டார். ஓபன்பிஎஸ்டி குழு அதை எடுத்து வளர்த்தது. 1999 டிசம்பரில் ஓபன்பிஎஸ்டி 2.6-ஓடு ஓபன்எஸ்எஸ்ஹெச் வெளிவந்தது. இன்று உலகம் பூராவும் ஓடுவது அந்தக் கிளையின் வாரிசுதான்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது அடுத்து நடந்தது. 2001-இல் இலோனன் ஓபன்எஸ்எஸ்ஹெச் குழுவுக்கு எழுதினார். என்ன கேட்டார்? பெயரை மாற்றுங்கள் என்றார். எஸ்எஸ்ஹெச் என்பது தன் வணிகச் சின்னம் என்றார். அவர்கள் மாற்றவில்லை. கவனியுங்கள், நிரலைத் திரும்பக் கொடுங்கள் என்பது பேச்சாகவே இல்லை. நேற்றுக் கொடுத்தது கொடுத்ததுதான் என்பதை எல்லோரும் ஏற்றுக்கொண்டே சண்டை போட்டார்கள்.

இந்தக் கதை பிறகு திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. 2023-இல் டெராஃபார்ம் உரிமத்தை இறுக்கியபோது ஓபன்டோஃபு பிறந்தது. 2024-இல் ரெடிஸ் மாற்றியபோது வால்கீ பிறந்தது. பெரிய பெரிய வக்கீல்களை வைத்திருக்கும் கம்பெனிகள் இவை. அவர்கள்கூட வரப்போகும் பதிப்பைத்தான் மாற்றினார்கள், வந்துவிட்ட பதிப்பை அல்ல.

2000: ஒரு டாலர் விற்பனை

"கொடுத்ததைத் திரும்ப எடுக்கிறேன்" என்று ஒரு பெரிய கம்பெனியே இறங்கிய கதையும் உண்டு. சைபர் பேட்ரோல் என்று ஒரு தடுப்பு மென்பொருள். குழந்தைகள் பார்க்கக்கூடாத தளங்களை மறைக்கும். எந்தெந்தத் தளங்களை மறைக்கிறது என்ற பட்டியல் ரகசியம். ஸ்வீடனில் ஒருவரும் கனடாவில் ஒருவருமாக இரண்டு நிரலாளர்கள் அந்தப் பூட்டை உடைத்து, பட்டியலைப் படிக்கும் சிபிஹேக் என்ற நிரலை 2000-இல் வெளியிட்டார்கள். சைபர் பேட்ரோல் அப்போது பார்பி பொம்மை மேட்டல் கம்பெனியின் கையில் இருந்தது. மேட்டல் பாஸ்டனில் வழக்குப் போட்டது.

இரண்டு பேரும் சமரசம் ஆனார்கள். சிபிஹேக்கின் பதிப்புரிமையை மேட்டலுக்கு எழுதிக்கொடுத்தார்கள். விலை ஒரு டாலர்! இப்போது மேட்டல்தான் சொந்தக்காரர். உலகம் பூரா இருக்கிற நகல்களை எல்லாம் எடுங்கள் என்று கிளம்பியது. ஆனால் அந்த நிரலுக்குள் ஒரு இடத்தில், இது ஜிபிஎல்லில் வெளியிடப்படுகிறது என்று ஒரு வரி இருந்தது. விற்பதற்கு முன்னாலேயே எல்லோருக்கும் அனுமதி போய்விட்டதே, வாங்கியவர் அதை எப்படி ரத்து செய்ய முடியும் என்ற கேள்வி கிளம்பியது. ஸ்டால்மனின் அமைப்புக்கு வக்கீலாக இருந்த எபென் மோக்லன், ஒருமுறை கொடுத்த அனுமதியை வாங்கியவர் பறிக்க முடியாது என்ற பக்கம் நின்றார்.

தீர்ப்பு? அதுதான் வருத்தம். மேல்முறையீடு செய்த மூவரும் நகல் வைத்திருந்தவர்களே தவிர வழக்கின் தரப்பினர் அல்ல என்று மேல்முறையீடு முடிந்துபோனது. முக்கியமான கேள்வி அப்படியே நின்றுவிட்டது.

2008: பொம்மை ரயிலும் பெரிய நீதிமன்றமும்

காசு வாங்காமல் கொடுத்த அனுமதிக்கு மதிப்பு உண்டா என்ற கேள்வியை வேறு திசையில் இருந்து தொட்டது ஒரு பொம்மை ரயில். ராபர்ட் ஜேக்கப்சன் பெர்க்லியில் இயற்பியலாளர். மாதிரி ரயில்களைக் கணினியால் ஓட்டும் ஜேஎம்ஆர்ஐ என்ற கட்டற்ற மென்பொருளை நடத்தியவர். அதன் ஒரு பகுதியை மேத்யூ காட்ஸர் என்பவரின் கம்பெனி, எழுதியவர் பெயர்களைக்கூடப் போடாமல் தன் பொருளில் சேர்த்துக்கொண்டது. ஜேக்கப்சன் வழக்குப் போட்டார்.

கீழ்க்கோர்ட் 2007-இல் அவருக்குத் தடையாணை தர மறுத்தது. 2008 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஃபெடரல் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. இந்த உரிமங்களில் உள்ள நிபந்தனைகள் பதிப்புரிமைச் சட்டத்தின் பலம் உள்ளவை என்றது. அதோடு, காசு கைமாறாவிட்டாலும் பொது உரிமத்தில் கொடுப்பவருக்குப் பொருளாதாரப் பலன்கள் உண்டு என்றும் சொன்னது. பெயர் வளர்கிறது, பயனர்கள் கூடுகிறார்கள், மற்றவர்கள் திருத்தி மேம்படுத்தித் தருகிறார்கள். 2010-இல் சமரசம் ஆகி, காட்ஸர் தரப்பு ஒரு லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது.

திரும்பப் பெறலாமா என்பது இந்த வழக்கின் கேள்வி இல்லை. ஆனால் "சும்மா கொடுத்ததுதானே, கைமாறு எங்கே?" என்ற என்னைப் போன்றவர்களின் வாதம் இங்கே கொஞ்சம் ஆட்டம் கண்டது. யோசித்துப் பார்த்தால் எனக்கும் கைமாறு கிடைத்திருந்தது. என் நிரலில் இருந்த ஏழெட்டு வழுக்களை, முகம் தெரியாத யார் யாரோ சரிசெய்து கொடுத்திருந்தார்கள். ஒருத்தருக்கும் நான் பைசா கொடுத்ததில்லை. என் அனுமதியை நான் திரும்ப எடுத்தால், அவர்களும் அவரவர் வரிகளைத் திரும்ப எடுக்கலாமே? அப்புறம் என்ன மிஞ்சும்?

சொல் இல்லாமல் இருந்த குறையையும் இதற்குள் சரிசெய்திருந்தார்கள். 2004 ஜனவரியில் வந்த அப்பாச்சி 2.0 உரிமம் "நிரந்தரமானது, திரும்பப் பெற முடியாதது" என்றே எழுதியது. 2007 ஜூனில் வந்த ஜிபிஎல் மூன்றாம் பதிப்பும், நிபந்தனைகளை மதிக்கும் வரை பதிப்புரிமைக் காலம் முழுவதும் திரும்பப் பெற முடியாதது என்றது. என்னுடையது இரண்டாம் பதிப்பு. ஹூம்.

2016, 2018: கோபத்தின் இரண்டு வருஷங்கள்

2016 மார்ச் 22. கிக் என்ற பெயருக்காக நடந்த தகராறில் கடுப்பான ஒரு நிரலாளர், என்பிஎம் களஞ்சியத்தில் இருந்து தன்னுடைய 273 பொதிகளையும் நீக்கிவிட்டார். அதில் ஒன்று லெஃப்ட்-பேட். மொத்தமே 11 வரி. ஒரு சொல்லுக்கு இடது பக்கம் இடைவெளி நிரப்பும், அவ்வளவுதான். அதை நம்பி நின்ற ஆயிரக்கணக்கான மென்பொருள்கள் அன்றைக்கு நட்டுக்கொண்டன. சில மணி நேரத்துக்குள் என்பிஎம் நிர்வாகமே அந்த 11 வரியை மீண்டும் ஏற்றியது. எந்த உரிமையில்? அவரே கொடுத்த உரிமத்தின்படிதான். அந்த உரிமத்தின் சாரம், என்ன வேணும்னாலும் பண்ணிக்கோ என்பது! தன் கடையை மூட அவருக்கு உரிமை இருந்தது. மற்றவர்கள் கையில் இருந்த சரக்கைப் பறிக்க இல்லை.

2018 செப்டம்பரில் லினக்ஸ் கருவகத்துக்குப் புதிய நடத்தை விதிகள் வந்தன. லினஸ் டோர்வால்ட்ஸ் தன் கடுமொழிக்கு மன்னிப்புக் கேட்டு, கொஞ்ச நாள் ஒதுங்கினார். விதிகளைப் பிடிக்காத சிலர், வெளியேற்றப்படுகிறவர்கள் தங்கள் நிரலுக்கான அனுமதியை ரத்து செய்யலாம் என்று கிளப்பிவிட்டார்கள். காரணம், நான் சொன்ன அதே வெறும் அனுமதி வாதம். லினக்ஸும் ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு. மென்பொருள் சுதந்திரக் காப்பகம் என்று சொல்லத்தக்க அமெரிக்க அமைப்பு ஒன்று, அதே மாதம் தன் வழிகாட்டியில் இது ஏன் நடக்காது என்று விளக்கம் சேர்த்தது. அதன் முக்கியமான அடிப்படை, ஒருவர் வாக்கை நம்பி இன்னொருவர் காரியத்தில் இறங்கிவிட்டால், வாக்குக் கொடுத்தவர் பின்வாங்க முடியாது என்ற நீதிக் கோட்பாடு. அக்டோபர் 22-ஆம் தேதி 4.19 கருவகம் வெளிவந்தது.

ஊர்க் கிணறும் கான்பூர் வனஸ்பதியும்

அந்தக் கோட்பாட்டைப் படித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது எங்கள் ஊர்க் கிணறு. தென்காசிப் பக்கம். தாத்தா தன் கிணற்றில் இருந்து பக்கத்து வயல்காரர் தண்ணீர் எடுத்துக்கொள்ளட்டும் என்று சொல்லியிருந்தார். எழுத்து இல்லை, காசு இல்லை. அவர் அதை நம்பித் தென்னை வைத்தார். தாத்தா காலமான பிறகு பெரியப்பாவுக்கும் அவருக்கும் வரப்புத் தகராறு. "இனிமே எங்க கிணத்துல தண்ணி கிடையாது" என்றார் பெரியப்பா. ஊரில் பெரியவர்கள் உட்கார்ந்து பேசினார்கள். ஒரு அண்ணாச்சி சொன்னது எனக்கு இன்னும் கேட்கிறது: "உங்க அய்யா சொன்ன சொல்லை நம்பி மரம் வச்சாச்சு. புதுசா கண்ணு வைக்காதீங்கன்னு சொல்லு, நியாயம். நிக்கிற மரத்தைக் காயப் போடலாமாய்யா?"

கிட்டத்தட்ட இதையேதான் 1882-ஆம் வருஷத்து வசதியுரிமைச் சட்டத்தின் 60-ஆவது பிரிவு நிலத்துக்குச் சொல்கிறது. அனுமதியைத் திரும்பப் பெறலாம்; ஆனால் அனுமதியை நம்பி ஒருவர் செலவு செய்து நிலையான வேலை ஒன்றைச் செய்துவிட்டால் முடியாது. உச்ச நீதிமன்றத்திலும் ஒரு புகழ்பெற்ற வழக்கு உண்டு. புது வனஸ்பதி ஆலைகளுக்கு மூன்று வருஷம் விற்பனை வரி கிடையாது என்று உத்தரப் பிரதேச அரசு வாக்குக் கொடுத்தது. அதை நம்பி மோதிலால் பதம்பத் சர்க்கரை ஆலைக்காரர்கள் கான்பூரில் கடன் வாங்கி ஆலை கட்டினார்கள். அரசு பின்வாங்கியது. கைமாறு இல்லை என்றாலும் நம்பியவனைக் கைவிட முடியாது என்று நீதிபதி பகவதி எழுதிய தீர்ப்பு 1979-இன் சட்டத் தொகுப்புகளில் இருக்கிறது.

ஆனால் நம் ஊர்ப் பதிப்புரிமைச் சட்டத்தில் ஒரு முள்ளும் இருக்கிறது. 1957-ஆம் வருஷத்துச் சட்டம், 19-ஆவது பிரிவின் 5-ஆம் உட்பிரிவு: உரிமை மாற்றத்துக்குக் காலம் குறிப்பிடாவிட்டால் அது ஐந்து வருஷம்தான். 30-ஏ பிரிவு இதை, வேண்டிய மாற்றங்களோடு, உரிமங்களுக்கும் பொருத்துகிறது. ஜிபிஎல் இரண்டாம் பதிப்பிலும் எம்ஐடி, பிஎஸ்டி உரிமங்களிலும் காலம் எழுதவில்லை. அப்படியானால் 2004-இல் கொடுத்த என் அனுமதி 2009-இலேயே முடிந்துவிட்டதா? இதைப் படித்ததும் எனக்கு ஒரு நிமிஷம் அல்ப சந்தோஷம். அப்புறம் ஆறாவது பிரிவு ஞாபகம் வந்தது. ஒவ்வொருவர் கைக்குப் போகும்போதும் புது உரிமம் என்றால், அந்த ஐந்து வருஷமும் ஒவ்வொருவருக்கும் புதிதாக ஆரம்பிக்கிறது என்று எதிர்வாதம் வைக்கலாம்.

அமெரிக்காவிலும் ஒரு ஜன்னல் திறந்திருக்கிறது. 1976-ஆம் வருஷச் சட்டத்தின் 203-ஆவது பிரிவு. 1978-க்குப் பிறகு எழுத்தாளர் தானே கொடுத்த உரிமையை 35 வருஷம் கழித்துத் திரும்பப் பெறலாம். இளமையில் சொற்ப விலைக்கு விற்ற எழுத்தாளர்களுக்கும் இசைக்காரர்களுக்கும் இரண்டாவது வாய்ப்பாக வைத்தது. எந்த ஒப்பந்தத்தாலும் இதைத் தடுக்க முடியாது. "திரும்பப் பெற முடியாதது" என்று எழுதியிருந்தால்கூட! லினக்ஸ் ஜிபிஎல்லுக்கு மாறியது 1992-இல். 35-ஐக் கூட்டினால் 2027. ஆனால் கம்பெனி வேலையாக எழுதியதற்கு இது செல்லாது, அமெரிக்காவுக்கு வெளியே செல்லாது, அதற்கு முன்பே செய்த வழிப்படைப்புகளைத் தொடாது. அண்ணாச்சி சொன்ன அதே கதைதான், நிற்கிற மரம் நிற்கும்.

பிரான்ஸில் எழுத்தாளர்களுக்கு மனம் மாறும் உரிமையே சட்டத்தில் உண்டு. நஷ்டத்தை முன்கூட்டியே ஈடுகட்டிவிட்டு, கொடுத்த உரிமையைத் திரும்பப் பெறலாம். அந்தச் சட்டமே ஒரு சாராருக்கு மட்டும் அதை மறுக்கிறது. யாருக்கு? நிரலாளர்களுக்கு.

மடல் என்ன ஆச்சு?

இவ்வளவும் படித்த பிறகும் என் கோபம் முழுதாகத் தீரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். தீர்த்தது ஒரு பழைய மடல். எங்கள் ஊர்ப் பக்கத்து ஓய்வு பெற்ற தமிழ் வாத்தியார் ஒருவர், பள்ளி ஆண்டு மலர்களின் பழைய கோப்புகளை என் நிரலை வைத்து யூனிகோடுக்கு மாற்றியதாக முன்பு எழுதியிருந்தார். இன்னும் பாதி மிச்சம் இருக்கிறது தம்பி, கண் பார்வை சரியில்லாததால் மெதுவாகத்தான் நடக்கிறது என்று முடித்திருந்தார். என்னைத் திட்டிய ஆள் என் நிரலைப் பயன்படுத்துகிறவரே இல்லை. நான் ரத்து செய்தால் அவருக்கு ஒரு வேலை மிச்சம். அடி விழுவது வாத்தியாருக்கு.

நாக்பூர் நண்பர் கேட்டது அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. கொடுத்தது யாருக்கு என்று தெரியாமலே திரும்பக் கேட்கக் கிளம்பியிருக்கிறேன்.

மடலை அழித்தேன். அந்தத் திட்டத்துக்கு இனிமேல் எழுதப்போவதில்லை, அது என் இஷ்டம், அந்த உரிமை எனக்கு எப்போதும் உண்டு. நிரலை மட்டும் தனியாக எடுத்து, வழுவைச் சரிசெய்து, வேறொரு இடத்தில் போட்டு, சுட்டியை வாத்தியாருக்கு அனுப்பினேன். இந்தத் தடவை நான் எழுதிய புது வரிகளுக்கு ஜிபிஎல் மூன்றாம் பதிப்பும் பொருந்தும் என்று சேர்த்து எழுதியிருக்கிறேன். இன்னொரு மழை ராத்திரியில் எனக்கே கோபம் வந்தால், எனக்கு எதிராக எழுத்தில் ஏதாவது இருக்கட்டும்.

டிஸ்கி: நான் வக்கீல் இல்லை, பொட்டி தட்டுகிறவன். உங்களுக்கு உண்மையிலேயே இப்படி ஒரு சிக்கல் இருந்தால் நல்ல வக்கீலைப் பாருங்கள். மின்சாரம் எல்லா நாளும் சரியான நேரத்தில் போகாது.